ரீலில் படிந்த வெள்ளை

கடலுக்குப் போய்வந்த தூண்டில் ரீலைக் கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் டிராக் திருகை இறுக மூட வேண்டும்; மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பகுதி அதற்குக் கீழேதான் இருக்கிறது, அங்கே தண்ணீர் இறங்கக் கூடாது. பிறகு பூச்செடிக்குத் தெளிப்பதைப் போல மேலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் உப்பு வெளியேறாது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உதறித் துடைத்து, திருகைத் தளர்த்தி, நிழலில் காயவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் மீன் பிடிப்பது கணவரின் பொழுதுபோக்கு. இந்த வேலை என்னுடையது.

அது என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒரு சுருள்வில். திருமணமான புதிதில் கணவர் ஒரு ரீலைப் பிரித்தபோது அது துள்ளிப் போய் எங்கேயோ விழுந்தது; இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்த முறை நான் முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக ஒவ்வொரு குழியில் வைத்தால், கடைசியில் வைத்ததை முதலில் எடுத்துப் பூட்டிவிடலாம். பழைய டூத் பிரஷ், ஒரு துளி எண்ணெய், பட்டாணி அளவு கிரீஸ் போதும். கணவரின் நண்பர்கள் பெங்களூரு பிரேசர் டவுனிலுள்ள எங்கள் வீட்டை ‘சர்வீஸ் சென்டர்’ என்று கேலி செய்தாலும், அவர்களுடைய ரீல்களும் இந்த மேஜைக்குத்தான் வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. ரீல் விஷயத்தில் நான் சொல்வதே முடிவு என்றும் ஆகிவிட்டிருந்தது.

நான் சமூகப்பணி படித்தவள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கான ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறேன். மோதிரத்தைக் காணோம், வெள்ளி டம்ளரைக் காணோம் என்று அந்தப் பெண்களின் மேல் பழி வரும்போது, வீட்டுக்காரர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: எடுத்ததைப் பார்த்தீர்களா, எடுத்திருப்பார் என்று நினைத்தீர்களா? புதிதாக வேலையில் சேர்பவர்களுக்கு இந்தக் கேள்வியைக் குரலை உயர்த்தாமல் கேட்கச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன், எங்களிடம் கூடுதலாக இருந்த ரீலைக் கேட்டு வாங்கிப் போனார். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை, ஒக்கலிபுரத்தில் குடியிருப்பு. கடை ஆட்களோடு பழவேற்காட்டுக்குப் போய்விட்டு வந்து, துணியில் சுற்றி, கடைப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றாகக் கழுவிவிட்டதாகச் சொன்னார். மற்றவர்கள் கழுவியதை நான் நம்புவதில்லை. வழக்கம்போல நானும் ஒருமுறை கழுவிக் காயவைத்தேன்.

சில நாட்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, நரம்பு திரும்பி ஓடும் சின்ன உருளை சுழலவில்லை. அதன் இடுக்கிலும், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்பிலும் வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. கடல் ரீலில் வெள்ளை என்றால் உப்பு. எனக்கு இரண்டாவது எண்ணமே வரவில்லை. “உங்க தம்பி உப்போடயே கொண்டாந்து குடுத்திருக்காரு” என்று கணவரிடம் சொன்னேன். பிரஷ்ஷால் சுரண்டி, எண்ணெய் விட்டு, உருளையை ஓட வைத்தேன். வேலை முடிந்ததில் நிறைவுகூட இருந்தது.

அடுத்ததாக, உடுப்பிக்குப் பக்கத்தில் மால்பேயில் கடலுக்குப் போகப் படகு பேசியிருந்தார்கள். நான்கு பேருக்குத்தான் இடம்: கணவர், அவருடைய நண்பர்கள் இருவர், கொழுந்தன். துணிக்கடையில் அவருக்கு விடுமுறை கிடைப்பது அபூர்வம். இந்தப் பயணத்துக்காகப் பண்டிகை நாட்களில்கூட வேலைக்கு வர ஒப்புக்கொண்டு, முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு.

சாப்பாட்டுக்கு நடுவே கணவர் ரீலில் இருந்த உப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். கார் வைத்திருக்கும் நண்பர் உடனே பிடித்துக்கொண்டார்.

“என்னப்பா, ரீலையே உப்புக்கண்டம் போட்டுட்டியாமே? வறுத்துத் துன்றதுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தனும் சிரித்தார். பிறகு, கழுவித்தான் கொடுத்தேன் என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ரீலைத் திறந்து பார்த்தவள் நான். அந்த மேஜையில் அவர் பார்க்கக்கூடிய முகம் என்னுடையது மட்டுமே.

“பரவால்ல விடுங்க தம்பி, நான் சரி பண்ணிட்டேன்” என்றேன்.

அதைப் பெருந்தன்மையாகச் சொன்னேன் என்பதுதான் இன்றும் என்னைக் குறுக வைக்கிறது. குற்றம் சாட்டியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருக்கலாம். மன்னிப்பவளிடம் என்ன பேசுவது? குனிந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போனவரிடம் நண்பர், இந்தத் தடவை தன் அலுவலகத்துக்காரர் ஒருவர் வர ஆசைப்படுகிறார், அவரிடம் சொந்த ரீல் இருக்கிறது என்று இழுத்தார். கொழுந்தன், தன் இடத்தில் அவரே வரட்டும் என்றார். கணவர் மறுக்கவில்லை. நான் ரசப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போனேன்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கணவரின் சொந்த ரீலைப் பிரித்தேன். அது கொழுந்தனின் கைக்கே போகாதது. உருளையைக் கழற்றினேன். அதே இடுக்கில் அதே வெள்ளை.

ஈர விரலால் தேய்த்தேன், கரையவில்லை. நாக்கில் வைத்தேன், உப்புக் கரிக்கவில்லை. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் மெல்ல நுரைத்தது. எழுந்து போய்ச் சமையலறைக் கெட்டிலைத் திறந்தேன். அடியில் இதே வெள்ளைதான் தடித்துக் கிடந்தது. போன கோடையில் காவேரித் தண்ணீர் குறைந்ததிலிருந்து எங்கள் கட்டடத் தொட்டியில் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். மாதம் ஒருமுறை கெட்டிலில் எலுமிச்சை ஊற்றித் தேய்ப்பவள் நான். அந்தத் தண்ணீரால்தான் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் இரண்டு ரீல்களையும் கழுவினேன். உப்பைப் போக்க நான் ஊற்றிய தண்ணீர், உருளையின் இடுக்கில் சுண்ணாம்பாகக் காய்ந்து படிந்திருக்கிறது. ரீலைப் பிரித்த நாளுக்குச் சற்று முன்னால் கொழுந்தன் அதை வாங்கிப் போயிருந்தார். அவருக்கும் அந்த வெள்ளைக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

எங்கள் அமைப்பில் கேட்கும் கேள்வியை அன்று என்னிடமே கேட்டுப் பார்த்தேன். நான் எதையும் பார்த்திருக்கவில்லை. துணிக்கடையில் முழம் போடுகிறவர், எந்த வேலையிலும் நிலைக்காதவர் என்று குடும்பத்தில் பேசப்படுகிறவர், இதையும் அரைகுறையாகத்தான் செய்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நண்பரே ரீலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால், முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்திருப்பேன்.

கணவரிடம் சொன்னேன். அவருடைய முகமும் வாடியது. ஆனால் அடுத்த முறை தம்பியைக் கூட்டிப்போகலாம் என்றார். “இப்பப் போயி சொன்னா அவங்க எல்லார் முன்னாடியும் நம்ம மானம்தான் போவும்.” அவர் சொன்னதை நானும் எண்ணிப் பார்த்தேன். புதிதாக வர இருந்தவரை வர வேண்டாம் என்று சொல்வது இன்னொருவருக்குச் செய்யும் அவமதிப்பு; நண்பருக்குச் சங்கடம்; கணவருக்குத் தலைக்குனிவு. எல்லாம் உண்மை. ஆனால் போய்விடும் என்று நாங்கள் அஞ்சிய மானம் ஞாயிற்றுக்கிழமையே ஒருவருக்குப் போயிருந்தது. அதைப் போக்கியவர்கள் நாங்கள். நண்பருக்கு நானே போன் செய்து, படிந்திருந்தது சுண்ணாம்பு, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர், படகுக்காரரிடம் ஐந்தாவது ஆளுக்குக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். படகுக்காரர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் இரண்டு உருளைகளையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினேன். கொழுந்தன் ஒரு குடும்பத்துக்குத் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை நின்றேன். பிறகு டப்பாவைத் திறந்து, நடந்ததைச் சொன்னேன். அவர் உருளையை விரலால் சுழற்றிப் பார்த்தார்.

“இதுக்கா அண்ணி பஸ்ஸு ஏறி வந்தீங்க? பேஜார் பண்ணிக்காதீங்க” என்றார். துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நீங்க சொன்னதும் எனக்கே டவுட்டு வந்துடுச்சி. சரியாத்தான் கழுவுனமா, இல்லியான்னு.”

தன் கை செய்த வேலையைத் தானே நம்ப முடியாதபடி ஒருவரை ஆக்கியிருக்கிறேன். படகில் இடம் இருக்கிறது, வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அவர் போனார். பெரிய பாறை மீன் ஒன்றைப் பிடித்தார்; எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. ரீல்களைக் கழுவ நான் இப்போது கேனில் வரும் குடிதண்ணீரையே பயன்படுத்துகிறேன். அந்த உப்புக்கண்டக் கேலியை நண்பர் மறுபடி எடுக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

ஆனால் கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு எதைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் இப்போது வாசலில் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மால்பேயிலிருந்து வந்ததும் ரீலை அவரே மேஜைமேல் வைத்து, ஸ்பூலைக் கழற்றி என் பக்கம் திருப்பினார். போன வாரம் கொடுத்தனுப்பிய டிபன் கேரியரைக் கொண்டுவந்தார். அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்.

“பாத்துக்குங்க அண்ணி.”

முகத்தில் சிரிப்பு இருந்தது. வேண்டாம் என்றால் அப்படியே நிற்பார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு அடுக்கையும் கையில் வாங்கி, உள்ளே பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மூடினார்.