ஐந்து நிமிடத்தில் நிறுவலாம்

நாங்கள் நான்கு பேர் ஓய்வு நேரத்தில் ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி செய்துவருகிறோம். இலவசம். நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். மணலியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பகலெல்லாம் வால்வுக்கும் கேஸ்கெட்டுக்கும் விலை கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அதற்கு வேறு சந்தர்ப்பம் குறைவு.

ஒருநாள் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண்மணி மின்னஞ்சல் அனுப்பினார். கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணினியில் பதிவு போடும் வேலையாம். 'எங்க ஏரியா கதைய எழுதிக்கினு கீறேன். உங்க சாஃப்ட்வேர் வூடு, கீது, இட்டுக்கினு எல்லாத்துக்கும் அடியில சிவப்பு கோடு போடுது. எங்க தெரு முழுக்க தப்பா சார்?'

பெருந்தன்மையாகப் பதில் எழுதினேன்: அந்தச் சொற்களை நீங்களே சேர்க்கலாம், அதற்கு நிரலை உங்கள் கணினியில் நிறுவ வேண்டும், வழிமுறைப் பக்கம் இதோ, ஐந்து நிமிடத்தில் நிறுவிவிடலாம். அந்தப் பக்கத்தை எழுதியவனும் நான்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வரி வந்தது. 'அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடியல சார்.'

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். நாற்பது வயது இருக்கும். என் மனைவி டீ கொடுத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, அவர் செய்வதைப் பார்க்க உட்கார்ந்தேன். தவறு எங்கே என்று சீக்கிரம் காட்டிவிடலாம் என்ற எண்ணம். அவருடைய தவறைத்தான்.

முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். "'வழக்கம்போல உங்கள் கணினியைத் தயார்செய்துகொள்ளுங்கள்.' யாரு வழக்கம் சார்?"

அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன்.

"'கீழ்க்கண்ட கட்டளையை இடவும்.' எங்க இடறது?" முதல் வாரம் முழுக்க அதை வேர்டு கோப்பில் அடித்து என்டர் தட்டிப் பார்த்திருக்கிறார். என் மனைவி சிரிக்கவில்லை. "நானும் அதத்தான் பண்ணியிருப்பேன்" என்றாள்.

கட்டளை அடிக்கிற கருப்புத் திரையை இரண்டாம் வாரம்தான் அவரே தேடிக் கண்டுபிடித்தாராம்; இப்போது அதைத் திறந்தார். நான்காம் படியில் சிவப்பு எழுத்துகளாகக் கொட்டியது. அவர் பட்டென்று லேப்டாப்பை மூடினார்.

"அது சும்மா எச்சரிக்கை. எனக்கும் வரும். கண்டுக்காதீங்க."

"அத எழுதி வெக்கலாமில்ல? லேப்டாப்பே பூட்ச்சுன்னு ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு."

ஏழாம் படியில் விரலை வைத்தார். "இன்னா சார், இங்க உங்க பேரு கீது?"

என் கணினியில் மட்டுமே இருக்கும் ஒரு ஃபோல்டரின் முகவரி அது. "உங்க வூட்டு சாவிய குட்த்து எங்க வூட்ட தொறக்க சொல்றீங்க" என்றார், கோபமில்லாமல். இத்தனை காலம் யாருமே இதைச் சொல்லவில்லையே என்று யோசித்தேன். எங்கள் குழுவின் மற்ற மூன்று பேருக்கும் நானே பக்கத்தில் உட்கார்ந்து நிறுவிக் கொடுத்திருந்தேன்.

காலை பத்தரைக்கு ஆரம்பித்தது மாலை ஐந்தரைக்கு முடிந்தது. அதற்குள் அவர் ஒரு நோட்டில் எழுதியிருந்தார்: ஒவ்வொரு படியிலும் எதை, எங்கே அடிக்க வேண்டும், திரையில் என்ன வரும், பார்த்துப் பயப்பட வேண்டுமா வேண்டாமா.

"இதயே போட்டுடலாமே சார்."

போட்டோம். எங்கள் நால்வரில் ஒருவர் எதிர்த்தார். இப்படி விளக்கினால் கண்டவர்களும் வந்துவிடுவார்களே, தரம் என்ன ஆவது என்றார். முகப்பில் 'அனைவரும் வருக' என்று எழுதியது அவர்தான். பழைய பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு புதுக் கணினியில் நிறுவிப் பாருங்கள் என்றேன். மறுநாள் எதிர்ப்பை விட்டுவிட்டார். அந்த அம்மாவின் சொற்களும் பட்டியலில் ஏறின.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எனக்கு எழுதியிருந்தார்: 'இவ்வளவு தெளிவான பக்கத்தை நான் பார்த்ததில்லை, எழுதியதற்கு நன்றி.' பக்கத்தின் அடியில் என் பெயரை எடுக்க மறந்திருந்தோம். அந்த நன்றியை இரண்டு நாள் நானே வைத்திருந்துவிட்டு, பிறகு உரியவருக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'பேர நானே மாத்திட்டேன் சார். ஒம்போதாவது படியில நீங்க சேர்த்த வரியில ஒரு எழுத்துப்பிழை இருந்துச்சு, அதையும்.'