இடது டேங்க்

பறக்கும் முன் மூக்கில் தொடங்கி இடது இறக்கை, வால், வலது இறக்கை என்று ஒரு சோதனைச் சுற்று. சுற்றி முடியும்வரை இடது கை விமானத்தின் உடம்பைவிட்டு எடுபடக் கூடாது. பொஹ்தானா ஷெவ்சிகோவா வால்வரை வந்துவிட்டார். வாலின் கீலை மேலும் கீழும் அசைத்து, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தானா கொட்டகை வாசலிலிருந்து மாட்டு டாக்டர் க்விடோ குரல் கொடுக்க வேண்டும்? "அம்மணி, காப்பி ஆறிப்போவுது."

பொஹ்தானா அவர் பாட்டுக்குத் திரும்பி மூக்குக்கு நடக்கிறார். முதல் திருகாணியிலிருந்து மறுபடி ஆரம்பம். க்விடோ சிரித்துக்கொண்டே அந்தக் காப்பியையும் தானே குடித்துவிடுகிறார். எந்தச் சனிக்கிழமை போனாலும் இந்தக் கூத்தைப் பார்க்கலாம்.

"பாதியில எவனாவது வாயைத் தொறந்தா மொதல்லேருந்துதான். அதுதான் சட்டம்" என்பார் பொஹ்தானா. அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று விமானச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார்.

"என் சட்டம். புடிக்கலன்னா வாயை மூடிக்கிட்டு நில்லு."

முப்பத்தாறு வருஷம் பிர்னோ நகரத்தில் டிராம் ஓட்டியவர். அந்த வேலையில் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு பறக்கிறார். முழங்கையில் இரண்டு ஒட்டு. சட்டைப் பையில் ஒரு மரக்குச்சி. பேனாக்கத்தியால் லிட்டர் லிட்டராகக் கோடு கிழித்தது. டேங்குக்குள் அதை விட்டு எடுத்து ஈரம் எதுவரை இருக்கிறதென்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. "மீட்டர் முள்ளு பாட்டுக்கு எதையாவது காட்டும். குச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது." சங்கத்தில் அவரை ஒன்பதாம் நம்பர் என்று கூப்பிடுவார்கள். அவர் கடைசியாக ஓட்டிய டிராமின் எண் அது.

நாற்பத்தெட்டு வயதில்தான் பறக்கக் கற்றுக்கொண்டார். ஏன் என்று கேட்டால், "தண்டவாளத்துல ஒரு நல்லது, எங்க போறதுன்னு நாம யோசிக்க வேண்டாம். ஒரு கெட்டது, அதுவேதான்" என்பார். இப்போது அறுபத்தெட்டு. திராட்சைத் தோட்டங்களுக்கும் குதிரைமசால் என்ற மாட்டுத் தீவனப்பயிர் வயலுக்கும் நடுவே ஒரு புல் ஓடுபாதை, தகரக் கொட்டகை, பன்னிரண்டு உறுப்பினர்கள், ஐந்து விமானங்கள். அவற்றில் ஒரு சின்ன வெள்ளை விமானத்தில் பாதி இவருடையது. மறுபாதி சங்கத் தலைவர் ராதிமுடையது. ராதிமுக்கு ஐம்பது வயது, ஓட்டுக்கூரை போடுகிறவர். உயரத்துக்குப் பயமில்லாத மனுஷன், பொஹ்தானாவின் வாய்க்குத்தான் பயப்படுவார். விமானத்துக்கு இரண்டு டேங்க், இறக்கைக்கு ஒன்று. எதிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஓட்டுபவர்தான் குமிழைத் திருப்பிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கரி அடுப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த வாரம் ஆகாயத்திலோ தரையிலோ தப்புச் செய்தவர் எழுந்து அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். முடிக்கும்வரை யாரும் சிரிக்கக் கூடாது. புத்திமதி கூடாது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்கலாம். க்விடோ ஒருமுறை எரிபொருள் மூடியைப் போட மறந்து ஒரு ஊரையே சுற்றிவந்ததைச் சொன்னார். பெட்ரோல் தாரை தாரையாக இறக்கையில் வழிந்ததாம். கேட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடித்த மறு நொடி கொட்டகையே அதிர்ந்தது.

இதைக் கொண்டுவந்தவர் பொஹ்தானாதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லூபோர் என்றொரு பள்ளி ஆசிரியர் காட்டின் மேல் பறக்கும்போது பெட்ரோல் தீர்ந்து விழுந்து செத்தார். அருமையான மனிதர். அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது அவர் மனைவி பொஹ்தானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜூலைலயே ஒரு தடவ இப்படித்தான், டேங்க் காஞ்சுபோய் எப்படியோ வயல்ல எறங்கினாரு. யார்ட்டயும் சொல்லாத, சிரிப்பாங்கன்னாரு. நானும் சொல்லல." அடுத்த ஞாயிறு பொஹ்தானா பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, வேகம் காட்டும் குழாயின் உறையைக் கழற்றாமலே, வேகம் எவ்வளவென்று தெரியாமல் தான் மேலே போய்விட்ட கதையைச் சொன்னார். முகமெல்லாம் சிவந்துபோயிற்று. அன்று ஆரம்பித்தது இன்றுவரை நிற்கவில்லை. யாராவது ரொம்ப நாள் எழுந்திருக்காமலே இருந்தால், "என்னப்பா, நீ மனுஷனா தேவதூதனா?" என்று பொஹ்தானாவே கேட்டுவிடுவார்.

இந்த வசந்தத்தில் ராதிம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பக்கத்து மைதானத்தில் எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் இறங்கும்போது தடுமாறி வேலியில் போய் மோதி நின்றிருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ராதிமுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. அறுபத்தைந்து தாண்டியவர் தனியே பறக்கக் கூடாது, பக்கத்து சீட்டில் இன்னொரு விமானி இருக்க வேண்டும் என்பது தீர்மானம். சங்கத்தில் அறுபத்தைந்தைத் தாண்டிப் பறப்பவர் ஒரே ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"டாக்டர் கண்ணு, காது, ரத்தம் எல்லாம் பாத்து முத்திரை குத்தியிருக்காரு. அவருக்கு மேல நீ யாரு?" என்று பொஹ்தானா பிடித்துக்கொண்டார்.

"உங்களச் சொல்லலங்க. பொதுவா."

"பொதுவான்னா அறுபத்தெட்டு வயசுல சாம்பல் கோட்டு போட்டுக்கிட்டு இருக்குமா? வயசை எண்ணாத ராதிம். தப்பை எண்ணு."

தனியே பறக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று க்விடோ ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். பொஹ்தானாவுக்குக் கணவர் போய் ஆறு வருஷம். மகன் வேறு ஊரில். வாரம் பூராவும் தனியாகத்தானே இருக்கிறார், மேலேயாவது துணை இருந்தால் நல்லதுதானே என்பது க்விடோவின் கணக்கு.

"கீழ தனியா இருக்கறது வேற, மேல தனியா இருக்கறது வேற" என்றார் பொஹ்தானா. "பக்கத்து சீட்ல ஒருத்தன் காவலுக்கு இருந்தா அது விமானம் இல்லப்பா. டிராம்." அதற்குமேல் க்விடோ அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை மைதானத்தில் ஈ காக்கை இல்லை. பொஹ்தானா மட்டும் வந்தார். முந்தின நாள் ராதிம் பறந்திருந்ததால் இடது டேங்கின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம், குச்சியின் முதல் கோடுகூட நனையவில்லை. வலதை மட்டும் நிரப்பினார். சுற்று முடிந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்து, சீட் பட்டை மாட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். கதவு. பட்டை. இறக்கையின் மடிப்புத் தகடு. அடுத்து குமிழ், இடதிலிருந்து வலதுக்கு. கையை நீட்டும்போது போன் அடித்தது. ராதிம்.

"ஞாயித்துக்கிழம தீர்மானத்த ஓட்டுக்கு விடப்போறேன். மொதல்லயே சொல்லாம வச்சா நல்லா இருக்காதுன்னுதான்..."

"விடு. நல்லா விடு" என்று சொல்லிப் போனைப் பின் சீட்டில் எறிந்தார். முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. எஞ்சினைக் கிளப்பி, சூடேறக் காத்திருந்து, புல்லில் ஓடி எழும்பினார்.

நாற்பது மீட்டர் உயரத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. காற்றின் சத்தம் மட்டும். அந்த நேரத்தில் திரும்பி ஓடுபாதைக்கே வந்துவிடலாம் என்று எந்த விமானிக்கும் கை துடிக்கும். அவ்வளவு தாழ்வில் திரும்பியவர்கள் பிழைத்தது அபூர்வம். பொஹ்தானா மூக்கைக் கீழே அழுத்தினார்; நேரே போனார். மிச்சமிருந்த புல்லில் சக்கரம் தொட்டது, ஓடுபாதை முடிந்தது, வெள்ளை விமானம் குதிரைமசாலுக்குள் முழங்கால் ஆழம் போய் நின்றது.

பொஹ்தானா குனிந்து பார்த்தார். குமிழ் இடதில் இருந்தது.

வலதுக்குத் திருப்பியதும் எஞ்சின் நல்ல பிள்ளையாகக் கிளம்பிற்று. கொட்டகைவரை தரையிலேயே ஓட்டிவந்து சக்கரத்தில் சுற்றியிருந்த குதிரைமசாலைக் கையாலேயே பிய்த்துப் போட்டார். விமானத்துக்கு ஒரு கீறல் இல்லை. பார்த்தவர் இல்லை. வயலுக்குச் சொந்தக்காரர் கேட்டால் முயல் ஓடியது என்றுகூடச் சொல்லிவிடலாம். இதை விமானத் துறைக்கு எழுதிப்போட வேண்டுமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வாசகம் இரண்டு பக்கமும் இழுத்தது. எழுதிப் போட்டுவிட்டார். அது எங்கோ ஓர் அலுவலகத்து மேசைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைப் பெஞ்சுதான் அவரை உறுத்தியது. சொன்னால் தீர்மானத்துக்குத் தன் கையாலேயே விறகு எடுத்துக் கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் லூபோரின் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று மாலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கதவு, பட்டை, இறக்கையின் மடிப்புத் தகடு, குமிழ். அங்கேதான் கத்தி பிடித்த கை நின்றுவிட்டது. உரித்த கிழங்கையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு. சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. ராதிம் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொஹ்தானாவைப் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டார். பொஹ்தானா காப்பிக் கோப்பையோடு எழுந்து நின்றார்.

"வியாழக்கிழம நான் இடது டேங்க்லயே மேல போயிட்டேன்."

முழுவதையும் சொன்னார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கக்கூட ஆளில்லை.

"என் போன்தானே காரணம்" என்றார் ராதிம்.

"போன் உன்னுது. காது என்னுது."

"இது யாருக்கும் வர்ற தப்புதான் அம்மணி" என்றார் க்விடோ. "நான் மூடியே இல்லாம ஊரச் சுத்தினவன். இதுல வயசு எங்க வந்துச்சு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் பொஹ்தானா. "நீ மூடி போட்டியான்னு கேட்டா உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு. கைய நீட்டி, குமிழத் திருப்பி, வலதுன்னு வாய்விட்டுச் சொன்னது அச்சு அசலா ஞாபகம் இருக்கு. இப்பக்கூட. ஆனா நான் திருப்பல. எனக்குப் பயமா இருக்கு."

இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கரி அடுப்பில் ஒரு சாசேஜ் வெடித்தது. யாரும் அதைத் திருப்பிப் போடவில்லை.

ராதிம் காகிதத்தை நாலாக மடித்தார். "நான் இதை வாபஸ் வாங்கிக்கறேங்க. நடந்தத வாயத் தொறந்து சொல்றவங்களுக்கு எதுக்குக் காவல்?"

"வாங்காத. இங்க சொன்னா மன்னிப்பு கெடைக்கும்னு ஆயிடும். ஓட்டுக்கு விடு."

ராதிம் தயங்கினார். பொஹ்தானா அசையவில்லை. வேறு வழியில்லாமல் ராதிம் மடித்ததைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "ஆதரிக்கறவங்க கையைத் தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை. க்விடோ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராதிமின் கைகளோ காகிதத்தை விடவில்லை.

பொஹ்தானா கோப்பையைப் பெஞ்சில் வைத்தார். பிறகு ஒட்டுப் போட்ட கோட்டோடு வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, ராதிம் வாய்விட்டு "ஒண்ணு" என்று எண்ணும்வரை இறக்காமலே நின்றார்.