காலையில் பறிகொடுத்த கப்பல்

அருங்காட்சியக வழிகாட்டிக்குக் கால் வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே கதையைத் தினமும் புதிதாகச் சொல்லும் வலி, அந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கனடாவில், மொன்றியல் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு வணிகப் பாய்க்கப்பல் ஒன்றின் கதையைச் சொல்வது என் வேலை. கோடைக்கு மட்டும் எடுத்திருந்தார்கள். முடிவில் மேலாளர், பார்வையாளர்களோடு நான் போகும் ஒரு சுற்றைக் கேட்டுவிட்டு, என்னை வைத்துக்கொள்வதா என்று சொல்வார். ஐம்பத்துநான்கு வயதில் மறுபடி வேலை தேடும் தெம்பு எனக்கில்லை.

இரண்டு குரல்

கப்பல் பிரான்சில் கட்டப்பட்டது. கியூபெக்குக்கு வைனும் உப்பும் கொண்டுவந்து, விலங்குத் தோல் ஏற்றிப் போனது. போரில் ஆங்கிலேயர் அதைப் பிடித்து, பெயரை மாற்றி, சர்க்கரை ஏற்றினார்கள். கடைசியில் பாய்மரங்களைக் கழற்றி, நிலக்கரிக் கிடங்காக்கினார்கள்.

காலைப் பிரெஞ்சுச் சுற்றில் என் குரல் தானாக இறங்கும், "பறிகொடுத்தோம்" என்பேன். மத்தியான ஆங்கிலச் சுற்றில் நிமிர்ந்து நின்று "பிடித்தோம்" என்பேன். திட்டமிட்டதல்ல. எதிரில் இருக்கும் முகங்களைப் பார்த்துப் பழகியது போலும். டிக்கெட் கொடுக்கும் சென்னை மாணவி ரம்யாதான் கவனித்தாள்.

"அங்கிள், காலையில பறிகொடுக்கிறீங்க, மத்தியானம் பிடிக்கிறீங்க. ரெண்டு பக்கமும் சம்பளம் வருதா?"

கிரேன்காரரின் மனைவி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். மாதிரிக் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ? சாப்பாட்டுக்கு முதல் சரக்கை இறக்கி முடிச்சிடுவம்" என்றார். அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். பிடிபட்ட இடம் வந்ததும், தமிழில் யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் தடுமாறினேன். அந்த அம்மா குறுக்கிட்டார்.

"கப்பலை விடுங்கோ அண்ணை. அதில இருந்த பெடியளுக்கு என்ன நடந்தது?"

மேலாளர் கேட்ட சுற்று

தேடிப் படித்தேன். மாலுமிகளில் சிலரைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். சிலர் வயிற்றுக்காக அதே கப்பலில், புதுப் பெயரின் கீழ், பழைய கயிற்றையே இழுத்திருக்கிறார்கள்.

மேலாளர் வந்த அன்று கலப்புக் கூட்டம். இரு மொழியிலும் மாறிமாறிச் சொல்லவேண்டும். பிடிபட்ட இடம் வந்தது. பறிகொடுத்ததாகவும் சொல்லவில்லை, பிடித்ததாகவும் சொல்லவில்லை. மாலுமிகளைப் பற்றி மட்டும் சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார். நேர்மையாகத்தான் பேசினேனா, நைசாக நழுவினேனா என்று எனக்கு இன்னும் தெரியாது. மேலாளர் கோட்டை மாட்டிக்கொண்டே பிரெஞ்சில் சொன்னார்:

"எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் ஒருவர்கூடக் கைப்பேசியைப் பார்க்கவில்லை. வசந்தத்தில் வாருங்கள்."

வேலை நிலைத்துவிட்டது. ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் மட்டும், இப்போது மூன்று மொழியிலும் திணறுகிறேன்.