பெரியப்பாவின் அட்டை

நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் அந்தப் பெரிய மொத்தக் கடைக்குள் இப்போது காலடி வைப்பதற்கே அங்கத்துவ அட்டையை ஓர் இயந்திரத்தின் முன் பிடிக்கவேண்டும். திரையில் முகம் தெரியும். முகம் பொருந்தினால் உள்ளே போகலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் வாசலில் ஒருவர் நிற்பார். அட்டையைத் தூரத்திலிருந்து காட்டினாலே தலையாட்டிவிடுவார். வெளியேறும் வாசலில் நிற்பவர் அதையும் கேட்கமாட்டார். அந்த வாசலால் உள்ளே நுழைந்தால் இடது பக்கத்தில் சாப்பாட்டுக் கவுண்டர். சாமான் வாங்கத்தான் அட்டை வேண்டும், சாப்பிடுவதற்கு வேண்டாம் என்பது மொன்றியலில் கையில் காசு குறைந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ஹொட் டோக்கும் ஒரு சோடாவும் சேர்த்து அங்கே விற்ற விலைக்கு வெளியே ஒரு நல்ல கோப்பிகூடக் கிடைக்காது. சோடா முடிந்தால் திரும்பவும் நிரப்பிக்கொள்ளலாம். சிவப்புப் பிளாஸ்டிக் மேசைகளில் டாக்ஸி ஓட்டுபவர்கள், மாணவர்கள், குளிர்கோட்டைக் கழற்றாமலே சாப்பிடும் வயோதிபர்கள், கைக்குழந்தையோடு புதிதாக வந்திறங்கிய குடும்பங்கள் இருப்பார்கள். காசு கட்டிவிட்டு, நிரம்பி வழியும் தள்ளுவண்டிகளோடு வெளியேறுகிறவர்கள் இவர்களைக் கடந்துதான் போகவேண்டும்.

எங்கள் குடும்பம் முதலில் தள்ளுவண்டிக்காரர்களோடுதான் இருந்தது. அட்டை பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன் அவர். அப்பாவைக் கனடாவுக்கு எடுத்தவரும் அவர்தான். வந்த புதிதில் அப்பா நகரத்துக்கு வெளியே பியர்பொன்ட்ஸில் பெரியப்பா வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்திருக்கிறார். பிறகு நாங்கள் நகரத்துக்குள் வாடகை வீட்டுக்கு மாறியபோதும் இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை பெரியப்பாவின் வான் எங்கள் கட்டடத்தின் முன் வந்து நிற்கும். கடைக்குள் பெரியப்பா என்னைத் தூக்கித் தள்ளுவண்டியில் அரிசி மூட்டைக்கு மேல் இருத்துவார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கடை முழுவதும் எங்களுடையதுபோல இருக்கும்.

சாமான் வாங்கி முடிந்ததும் இரண்டு மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு எல்லோரும் ஹொட் டோக் சாப்பிடுவோம். ஒருமுறை அக்கா கவுண்டருக்கு மேலிருந்த பலகையை வாசித்துவிட்டு, அது மாட்டிறைச்சி என்று போட்டிருப்பதாகச் சொன்னாள். பெரியப்பா கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். அவர் சற்று யோசித்துவிட்டு, "அது பிரெஞ்சிலதானே போட்டிருக்கு" என்றார். அந்தத் தீர்ப்பை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். அம்மா மட்டும் அன்றிலிருந்து உருளைக்கிழங்குப் பொரியலோடு நிறுத்திக்கொண்டார்.

அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டோடு இந்தச் சனிக்கிழமைகள் முடிந்தன. லவாலில் ஒரு மண்டபம் எடுத்துச் செய்தோம். படம் எடுப்பதற்கு முதலில் தாய்மாமன் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு அம்மாவின் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள், அவர்கள் கனபேர். பெரியப்பா குடும்பத்தின் முறை வந்தபோது படம் எடுப்பவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் கை கழுவிவிட்டு வந்தபோது பெரியப்பாவின் வான் வாசலில் இல்லை. அடுத்த நாள் தொலைபேசியில் பெரியம்மா ஒன்று சொன்னார். அதற்கு அம்மா ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இதைக் 'கதை இல்லை' என்பார்கள். அடிதடி இருக்காது, வழக்கு இருக்காது, கதை மட்டும் இருக்காது. வருடக்கணக்கில் அப்படியே இருக்கக்கூடியவர்கள் எங்கள் ஊரவர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா என்னைச் சனிக்கிழமைகளில் அந்தக் கடைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். வான் இல்லாதபடியால் மெட்ரோவில் போய், இறங்கி, பஸ் பிடித்துப் போகவேண்டும். பஸ் வரும்வரை பனியில் நிற்கவேண்டும்.

"ஒரு சொசேஜ் தின்னுறதுக்கு இவ்வளவு தூரம் போகவேணுமே?" என்று அம்மா கேட்டார்.

"பிள்ளை ஆசைப்படுகுது" என்றார் அப்பா.

நான் ஆசைப்பட்டது உண்மை. ஆகவே காரணம் நான்தான் என்று நம்பினேன். ஒரு குழந்தையின் ஆசைக்காக இவ்வளவு தூரம் வருகிற அப்பா வேறு யாருக்கும் கிடைக்கமாட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

வெளியேறும் வாசலால் நுழைந்து, தூணுக்குப் பின்னாலிருக்கும் மேசையில் உட்காருவோம். காசு கட்டும் வரிசைகள் அங்கிருந்து நன்றாகத் தெரியும். எனக்கு ஹொட் டோக், அப்பாவுக்குச் சோடா. மெட்ரோவில் இலவசமாகக் கொடுத்த பிரெஞ்சுப் பத்திரிகையை அப்பா விரித்துவைத்திருப்பார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது.

சில சமயம் வரிசையிலிருந்து பெரியப்பா வருவார். பெரியம்மாவுக்குச் சனிக்கிழமைகளிலும் வேலை என்பதால் தனியாகத்தான் வருவார். பத்திரிகை உடனே மேலே எழும்பும். எங்கள் தூணுக்குக் கிட்ட வந்ததும் பெரியப்பா தள்ளுவண்டியை நிறுத்தி, அரிசி மூட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைப்பார். பிறகு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். மூட்டை முதலில் இருந்தபடியே நன்றாகத்தான் இருந்தது. ஏன் மாற்றுகிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

"பெரியப்பா போறார் அப்பா."

"தெரியும். நீ சாப்பிடு."

எனக்கு ஓடிப்போய் அந்த மூட்டைக்கு மேல் ஏறவேண்டும்போல இருக்கும். அப்பாவின் கை என் முழங்கையில் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே வான் பின்னால் எடுத்து, திரும்பி, நெடுஞ்சாலைப் பக்கம் போய் மறைந்த பிறகுதான் பத்திரிகை மடிக்கப்படும். சில சனிக்கிழமைகளில் பெரியப்பா வரமாட்டார். அன்று நெடுநேரம் உட்கார்ந்திருப்போம். எனக்கு இரண்டாவது ஹொட் டோக்கும் கிடைக்கும். அதனால் அவர் வராத நாட்களே எனக்கு விருப்பமாக இருந்தன.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, கவுண்டரில் நின்ற பெண் 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு அட்டையைக் கேட்டாள். இனி அங்கத்தவர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு என்றும், பலகையில் அறிவித்தல் போட்டிருக்கிறது என்றும் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். நாங்கள் சாமான் ஒன்றும் வாங்கவில்லை, சாப்பிட மட்டும்தான் வந்தோம் என்று அப்பா ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் மரியாதையாக மன்னிப்புக் கேட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போக வெளிக்கிட்டார்.

அப்போது என் தலைக்கு மேலால் ஒரு கை வந்து கவுண்டரில் ஓர் அட்டையை வைத்தது.

"அவெக் முவா" என்றார் பெரியப்பா. தன்னோடு வந்தவர்கள் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அது. பிறகு என்னைக் குனிந்து பார்த்தார். "பிள்ளைக்கு என்ன வேணும்?"

"ஹொட் டோக்."

"கொப்பருக்கு?"

அப்பா பக்கத்திலேதான் நின்றார். விலைப்பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களுக்கு என்ன வேணுமாம்?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லு."

"ஒண்டும் வேண்டாமாம்."

பெரியப்பா கவுண்டரில் மூன்று ஹொட் டோக் சொன்னார்.

அன்று மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். நான் நடுவில்.

"கொப்பரைக் கேள், முதுகு நோ எப்பிடியாம் எண்டு."

"அப்பா, முதுகு நோ எப்பிடியாம்?"

"பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போறன் எண்டு சொல்லு."

"பெல்ட் கட்டிக்கொண்டு..."

"கேட்டது, கேட்டது. மருந்துக்கடையில விக்கிற பெல்ட் சரிவராது. டொக்டரிட்டை எழுதி வாங்கச் சொல்லு."

"எனக்கு ஒரு பெல்ட் வாங்கவும் தெரியாதாமோ எண்டு கேள்."

"தெரிஞ்சா ஏன் உப்பிடிக் கோணிக்கொண்டு இருக்கிறாராம் எண்டு கேள்."

என் ஹொட் டோக் ஆறிக்கொண்டிருந்தது. "நீங்களே கேளுங்கோவன்" என்றேன். இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திச் சோடாக் கோப்பைகளைக் கையில் எடுத்தார்கள். நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன்போல இருந்தது. எழும்பும்போது பெரியப்பா என் தொப்பியைச் சரிசெய்தபடி, "வாற கிழமை வருவியோ பிள்ளை?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"வருவம் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியப்பா கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றார். முன்பு இரண்டு கிழமைக்கு ஒருமுறை சாமான் வாங்கியவர் இப்போது கிழமைதோறும் வந்தார். சில நாட்களில் அவருடைய பெரிய தள்ளுவண்டியில் கழிவறைக் கடதாசிக் கட்டு ஒன்று மட்டும் இருக்கும். நான் இரு பக்கமும் செய்தி கொண்டுபோனேன். கோயில் திருவிழா, கராஜ்காரன் வானைப் பழுதாக்கிய கதை, ஊரில் வளவுக்கு வேலி அடைத்த விசயம் எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தன. பெரியவர்களுக்கு நான் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்று எனக்கு மிகுந்த பெருமை.

பெருமை தாங்காமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது.

"அவற்ற மெம்பர் காட்டிலையோ இவ்வளவு நாளும் சாப்பிட்டனியள்?" என்று அப்பாவைக் கேட்டார். "உங்களுக்கு ரோசமில்லையே?"

அம்மா ஒரு விசயத்தைத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டார். அடுத்த கிழமை வேலையில் அரைநாள் லீவு எடுத்து, அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய், எங்கள் குடும்பத்துக்கு என்று அட்டை எடுத்துவிட்டார். அப்பாவின் அட்டையில் அப்பாவின் படம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "இனி ஒருத்தற்ற கையையும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை" என்று அம்மா அதை அப்பாவின் சட்டைப் பையில் செருகினார். வீட்டில் என்னைவிடச் சந்தோசப்பட்டவர் யாருமில்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கியதும், முன்வாசலால் போவோம், நான் தள்ளுவண்டியில் ஏறலாம் என்று அப்பாவைக் கெஞ்சினேன். "பேந்து பாப்பம்" என்று ஒத்திப்போட்டுவிட்டு அவர் வழமைபோல வெளியேறும் வாசலுக்கே நடந்தார். கவுண்டருக்கும் போகவில்லை. தூணுக்குப் பின்னால் வெறும் மேசையில் உட்கார்ந்தோம்.

"அப்பா, எங்களிட்டைக் காட் இருக்கெல்லோ?"

"இருக்கு."

"பின்னை வாங்குங்கோவன். பசிக்குது."

"கொஞ்சம் பொறு பிள்ளை."

அன்று அப்பா பத்திரிகைகூட எடுத்து வந்திருக்கவில்லை. காசு கட்டும் வரிசைகளை ஒளிவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தள்ளுவண்டியாக வந்தது. சாமத்திய வீட்டுக்குச் சாமான் வாங்கியவர்கள்போல ஒரு குடும்பம் சோடாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போனது. வாசல் திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று மேசைக்குக் கீழால் வந்து போனது. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து எழும்பிப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது.

கடைசி வரிசையில் பெரியப்பாவின் நீலத் தொப்பி தெரிந்தது. அப்பா உடனே எழுந்து, என்னை இழுக்காத குறையாகக் கவுண்டருக்குக் கூட்டிப்போனார். அந்தப் பெண் அட்டையைக் கேட்டாள். அப்பா காற்சட்டையின் இரண்டு பைகளையும் தடவினார். பின்பையைத் தடவினார். கோட்டின் வெளிப்பையையும் உள்பையையும் தடவினார். கோட்டு திறந்திருந்தது. சட்டைப் பையின் விளிம்புக்கு மேலால் அட்டையின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் இறுகியது.

பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். பைகளைத் தடவிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய பார்வை கீழே சட்டைப் பைக்கு வந்து அங்கேயே நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். பெரியப்பா ஆறுதலாகத் தன் பர்ஸை எடுத்து, தன் அட்டையைக் கவுண்டரில் வைத்தார்.

"அவெக் முவா."

அந்தப் பெண் மூன்று பாண்களை எடுத்தாள்.

"கொப்பரைக் கேள், வெங்காயம் போடட்டாமோ எண்டு."

"போடச் சொல்லுங்கோ அண்ணை" என்றார் அப்பா.

நான் அதைப் பெரியப்பாவிடம் சொல்லத் தொடங்குமுன்பே வெங்காயம் போட்டாகிவிட்டது. என் வேலையை யாரோ பறித்துக்கொண்டதுபோல இருந்தது. சாப்பிட்டு முடியும்வரை நான் ஒருவரோடும் பேசவில்லை. அதை இரண்டு பேரும் கவனிக்கவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "காட் உதவினதோ?" என்று கேட்டார். "ஓம்" என்று சொல்லிவிட்டு அப்பா கோட்டைக் கொழுவப் போனார். நான் அம்மாவின் பின்னால் குசினிக்குப் போனேன்.

"அம்மா, பெரியப்பாவுக்குக் கண் தெரியேல்லை. கண்ணாடி மாத்தவேணும்."

"ஏனடி?"

"அப்பாவின்ர பொக்கற்றில காட் நீட்டிக்கொண்டு இருக்குது, நேர பாத்தவர், தெரியேல்லை. அப்பாவுக்கும் தெரியேல்லை. எல்லாப் பொக்கற்றையும் தடவினவர், அதை மட்டும் தடவேல்லை."

லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தி நின்றது.

"பேந்து?"

"பேந்தென்ன, பெரியப்பாதான் வாங்கித் தந்தவர்."

அம்மா வெட்டிய துண்டுகளைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு திரும்பவும் வெட்டத் தொடங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா அப்பாவின் சட்டையை ஸ்திரிக்கை போட்டு, மறுநாளுக்குக் கதிரையில் விரித்துவைத்தார். மேசையில் கிடந்த அட்டையைச் சட்டைப் பைக்கிட்டக் கொண்டுபோனவர், சற்று நின்று, குசினி லாச்சியைத் திறந்து, பழைய மின்கலங்களுக்கும் மெழுகுதிரிகளுக்கும் கீழே அதை வைத்து மூடினார். "பொக்கற்றில வைச்சாத் துலைஞ்சுபோகும்" என்றார், நான் கேட்காமலே.

அப்பா எதையும் தொலைப்பவரில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை அம்மாவும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த வருடம் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறதியும் பார்வைக்குறைவும் வந்திருந்தது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.