உட்காராத சாம்பியனின் ஸ்டூல்

என் சித்தப்பா வண்டிகளுக்கு சீட் தைப்பவர். வேன், லாரி, பள்ளிப் பேருந்து, பல் மருத்துவரின் நாற்காலி என்று எது வந்தாலும் பழைய உறையைக் கிழித்து, பஞ்சை மாற்றி, புது ரெக்ஸினை இழுத்துத் தைத்துக் கொடுப்பார். ஆனால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்தி, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே முடிப்பார்.

"ஊருக்கெல்லாம் உட்கார இடம் தைக்கிறீங்க. உங்களுக்கு மட்டும் முள்ளு வச்சுத் தைச்சிருக்கா?" என்பாள் சித்தி.

தெருவில் அவருக்கு 'சீட்டுக்காரர்' என்று பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மாதச் சீட்டில் சேர வந்துவிட்டார். போகும்போது சித்தியிடம் தனியாக, "ஓடிப்போற ஆள் இல்லையே?" என்று விசாரித்தார். "ஒரு இடத்துல நிக்கவே மாட்டார், ஓடிப்போக எங்க நேரம்?" என்றாள் சித்தி.

சித்தப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சித்தியின் அண்ணன், எனக்கு மாமா, ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். ஒன்பது வருடமாகப் பட்டம் அவரிடமே இருந்தது. ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் வீரர் உட்கார, மூலையில் ஸ்டூல் போடவேண்டும். அடுத்த ரவுண்டு தொடங்கப்போகிறது என்று விசில் அடித்ததும் எடுத்துவிட வேண்டும். சித்தப்பாவின் வேலை அதுதான். ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதைப் போட்டதில்லை, எடுத்ததுமில்லை.

மாமா உட்காரமாட்டார். பட்டத்தை வென்ற அன்று தொடங்கிய பழக்கம் அது. அன்றைய சாம்பியனும் பல வருடம் யாராலும் அசைக்க முடியாதவர்தான். இடைவேளையில் அவர் ஸ்டூலில் சாய்ந்துகொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை மாமா கவனித்துவிட்டார். "மணி பார்க்கிறான் மாப்பிள்ளை. வீட்டு ஞாபகம் வந்துடுச்சு" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்த நிமிடம் முழுக்க நின்றபடியே அவரை முறைத்தார். அடுத்த ரவுண்டில் அந்தச் சாம்பியன் விழுந்தார்.

அதற்குப் பிறகு சுவரொட்டிகளில் 'உட்காராத சாம்பியன்' என்றே போட்டார்கள். எதிராளி மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், எதிர் மூலையில் மாமா மலைபோல் நிற்பார். பாதிப் பேர் அதைப் பார்த்தே தோற்றார்கள் என்பார் மாமாவின் கோச். கயிற்றுக்கு வெளியே சித்தப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குச் சிவப்பு ரெக்ஸினில் உறை தைத்தது அவர்தான். அதில் ஒரு சுருக்கம் விழுந்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் மாமா கடைக்கு வந்தார். பழுதுக்கு வந்த நீளமான பேருந்து சீட் ஒன்று சுவரோரம் கிடந்தது. நின்று பேசிக்கொண்டிருந்தவர், பேச்சு முடியுமுன் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"பஞ்சு எப்படி இருக்குன்னு பார்த்தேன் மாப்பிள்ளை."

"நல்லா இருக்கா மச்சான்?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தபோது மாமா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா தையல் மெஷினை நிறுத்தினார்.

அதன் பிறகு எல்லாமே அவர் கண்ணில் பட்டது. கடைப் படியில் ஏறும்போது மாமாவின் கை நிலைக்கதவைத் தேடியது. ஷூ கயிறு கட்ட இடம் பார்த்து உட்கார்ந்தார். அடுத்த பட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்குக் கை ஓடவில்லை. ஒரு வேன் சீட்டை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்து, பிரித்து, மறுபடியும் அப்படியே தைத்தார்.

பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் கோச்சிடம் கேட்டார். "இந்தத் தடவை ஸ்டூலைப் போட்டுடவா?"

"தாராளமா போடு. அப்படியே எதிர் மூலைக்குப் போய், எங்க ஆளுக்கு முட்டி ஆடுதுன்னும் சொல்லிட்டு வா."

"இல்ல கோச், வயசு..."

"வயசு யாருக்குத்தான்யா வரல? எத்தனை பெரிய சாம்பியனா இருந்தாலும் அடி வாங்கித் தோக்கிறது கடைசியிலதான். அதுக்கு முன்னாடி எவனாவது ஒருத்தன் 'இவனை அடிச்சுடலாம்'னு நினைக்கணும். அந்த நினைப்பை நீ கொண்டுபோய்க் குடுக்காத."

வீட்டில் சித்தி வேறு மாதிரி சொன்னாள். "பட்டம்னா ஒரு நாள் அறுந்துதான் போகும். எங்க அண்ணன் அறுந்து போகக்கூடாது. அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, நீங்க தைச்ச எதுலயும் நான் உட்கார மாட்டேன்."

"வேணும்னா அவரே கேட்கட்டுமே."

"யாரு, அவரா? பசிக்குதுன்னுகூட வாயைத் திறந்து கேட்காத ஆளு."

போட்டாலும் வினை, போடாவிட்டாலும் வினை. சித்தப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

போட்டி ஒரு ஞாயிறு மத்தியானம். தகரக் கூரை போட்ட அரங்கம் கொதித்தது. எதிராளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அவன் கையும் கிரேன்போலவே நீளம். நாலு ரவுண்டு வரை மாமா சமாளித்தார். ஐந்தாவதில் அவருடைய இடது கை கீழே இறங்கியது. ஆறாவது ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்தவர் வழக்கம்போல நின்றார். ஆனால் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்திருந்தார். முன்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது. பின்னால் இருந்த சித்தப்பாவின் மூக்குக்கு நேராக அந்தக் கயிறு தொய்ந்து இறங்கியது. அவர் ஸ்டூலைத் தூக்கினார், வைத்தார், மறுபடியும் தூக்கினார்.

"ஒரு இடத்துல நில்லுய்யா, எனக்குத் தலை சுத்துது" என்றார் கோச்.

ஏழாவது ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் சித்தப்பா ஸ்டூலைக் கயிற்றுக்கு உள்ளே வைத்துவிட்டார். அரங்கம் 'ஓ' என்றது. "யோவ்!" என்று கோச் பல்லைக் கடித்தார். மாமா, சொல்லாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல ஸ்டூலைப் பார்த்தார். உட்காரவில்லை. ஆனால் எதிர் மூலையில் இருந்தவன் பார்த்துவிட்டான். விசிலுக்கு முன்பே எழுந்து நின்றான்.

எட்டாவது ரவுண்டை சித்தப்பா பாதிதான் பார்த்தார். மீதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. மறுபடியும் ஸ்டூலை வைத்தார். மாமா அதில் உட்கார்ந்தார். ரெக்ஸினிலிருந்து காற்று 'புஸ்' என்று வெளியேறியது. கோச் தண்ணீர் கொடுத்தார், முகத்தைத் துடைத்தார், என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். விசில் அடித்தது. சித்தப்பாவின் கை தன்னால் ஸ்டூலின் காலுக்குப் போனது.

"எடுக்காத மாப்பிள்ளை" என்றார் மாமா.

சத்தமாகச் சொல்லவில்லை. நடுவர் வந்து குனிந்து, தொடர முடியுமா என்று கேட்டார். மாமா இல்லை என்று தலையை அசைத்தார். ஒன்பது வருடப் பட்டம் அவ்வளவில் முடிந்தது.

ஸ்டூல் போட்டவன்தான் பட்டத்தைத் தொலைத்தான் என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். கோச் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சித்தப்பாவின் நடை இன்னும் கூடியது. சித்தியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். "நான் போடாம இருந்திருந்தா?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்துட்டு இருந்திருப்பீங்க. நீளமான வராந்தா, உங்களுக்கும் வசதியா இருந்திருக்கும்."

மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைப்பக்கமும் வரவில்லை. சித்தப்பாவைத் தின்றது அதுதான்.

முகத்தில் வீக்கமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு காலை மாமா வந்தார். மேஜைக்கு அடியில் கிடந்த சிவப்பு ஸ்டூலைத் தானே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சித்தப்பா முதுகைக் காட்டியபடி ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான்."

"ஒண்ணு கேட்கணும்."

கத்தரிக்கோல் நின்றது.

"ரெண்டு ரவுண்டு முன்னாடியே போட்டிருக்கலாம்ல?"

சித்தப்பா திரும்பினார். "நீங்க கேட்டிருக்கலாம்ல?"

"நான் எப்படிக் கேட்கிறது? சாம்பியன்ல?"

சித்தப்பா மேஜையைச் சுற்றி வந்தார். மறுபடியும் ஒரு சுற்று. பிறகு ஸ்டூலைக் குனிந்து பார்த்து, "கொஞ்சம் எந்திரிங்க மச்சான். பஞ்சு அமுங்கிப்போச்சு, மாத்திடறேன்" என்றார்.

"அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் மாமா. அவர் எழுந்திருக்கவில்லை.