எதிர்வீட்டுப் பொலிவார்

உலகத்தில் விடுதலைக்காகப் போராடியவர்கள் அத்தனை பேரும் எங்கள் மாமாவுக்குச் சொந்தக்காரர். எந்தக் கண்டம், எந்தக் காலம் என்றெல்லாம் பார்க்க மாட்டார். அம்மாவின் தம்பியான அவர் கனடாவில், ரெக்ஸ்டேலில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் எங்களோடேயே இருந்தார். பகலில் பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் தலைவர்கள். அவர்களுக்குள்ளும் சிமோன் பொலிவாருக்குத் தனி இடம். தென்னமெரிக்காவில் ஸ்பெயின்காரரைத் துரத்தி ஐந்து நாடுகளை விடுவித்த மனிதன், செத்த பிறகு உடுத்திவிடக் கிழியாத சட்டை ஒன்றுகூட இல்லாமல் போய்ச் சேர்ந்தானாம். கதையில் அந்தச் சேட்டு வருகிற இடத்தில் மாமாவுக்குக் குரல் உடைந்துவிடும்.

"பாத்தியே பிள்ளை, அஞ்சு நாட்டை மீட்டுக் குடுத்தவனுக்கு ஒரு சேட்டில்லை. எங்கட ஆக்கள் ஒரு சங்கத் தலைவர் கதிரையை விடுவினமோ, கேள்!"

இப்படிப்பட்டவருக்கு நேர் எதிர்வீட்டில் வெனிசுவேலாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கினால் என்ன ஆகும்? கணவன், மனைவி, தவழ்கிற ஒரு குழந்தை. பொலிவார் பிறந்த மண்ணிலிருந்து! மாமா அந்த மனிதரை எலிவேற்றரில் கண்டால் நெஞ்சில் கை வைத்து "பொலிவார்!" என்பார். அவரும் கூச்சத்தோடு தலையைக் குனிவார். நாங்கள் அவரைப் பொலிவார் அண்ணை என்றே சொல்லத் தொடங்கினோம். அவர் அங்கே சரித்திரம் படிப்பித்த வாத்தியார்.

மாமாவிடமும் அவரிடமும் இருந்த ஆங்கிலத்தைக் கூட்டினாலும் ஒரு கை நிறையாது. அதனால் நடுவில் நான். எனக்குப் பத்து வயது. டொக்டரிடமும் வங்கியிலும் அம்மாவுக்காகப் பேசிப் பேசித் தேய்ந்த வாய். வளர்ந்தவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உடுப்புத் தோய்க்கிற அறையில் அவருடைய மனைவி அம்மாவிடம் சொன்னதையும் நான்தான் தமிழாக்கினேன். அவர்களுடைய அகதிக் கேஸ் விசாரணைக்கு நின்றது. ஒன்பதாம் மாடியில் இருந்த அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவர், முந்தி வந்து இங்கே இருக்க அனுமதி பெற்றவர், வந்து சாட்சி சொல்வதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சாட்சி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அந்தப் பெண் பயந்துகொண்டிருந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரிவரும் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். சொன்னேன்.

ஆடி மாதம் பொலிவாரின் பிறந்தநாள் வந்தது. கட்டடத்தின் பார்ட்டி ரூமில் விழா எடுப்பதென்று மாமா முடிவு கட்டினார். பொலிவாரின் பெரிய படம், மாலை, குத்துவிளக்கு. என்னுடைய பேச்சு. பிரதம விருந்தினர் பொலிவார் அண்ணை, அவருக்குப் பொன்னாடை. எங்கள் ஆட்கள் மூன்று பேர் கூடினால் நாலாவது ஆளுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நல்ல இரத்தச் சிவப்பில் ஒரு சால்வை வாங்கி வந்தார்.

"ஏன் மாமா சிவப்பு?"

"சிவப்பு மங்களம். சிவப்பு போராட்டம். ஒரு சால்வையில ரண்டு வேலை!"

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் பொலிவார் அண்ணை எங்கள் கதவைத் தட்டினார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார், மாமா இன்னும் வேலையால் வரவில்லை. தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்: "விழாவுக்கு வருகிறேன். பொலிவாரைச் சின்ன வயதிலிருந்தே எனக்கும் பிடிக்கும். ஆனால் படம் மட்டும் எடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல். நான் ஏன் அந்த இடத்தில் நின்றேன் என்று படம் சொல்லாது." இரண்டு தடவை சொன்னார். விளங்கியதா என்று கேட்டார். நான் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினேன்.

மாமா வந்ததும், "பொலிவார் அண்ணை வந்தவர். கட்டாயம் வாறாராம். அவருக்கும் பொலிவாரைச் சரியான விருப்பமாம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறந்து போகவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தியின் படம், பேச்சுப்போட்டியில் வென்றதற்காக, கடைகளில் சும்மா கிடைக்கிற தமிழ்ப் பத்திரிகையில் வந்திருந்தது. மூன்று கிழமையாக அவளோடு கதைக்கவே முடியவில்லை. எனக்கு ஊதா நிறத்தில் புதுப் பட்டுப் பாவாடை தைத்திருந்தது. படம் எடுக்க வேண்டாம் என்று சொன்னால் மாமா அந்தப் பத்திரிகைக் கமராக்காரரையே வர வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு வசனம்தானே.

விழாவுக்கு நாற்பது பேர் வந்தார்கள். நான் பேசினேன், கைதட்டினார்கள். பிறகு மாமா சிவப்புச் சால்வையை விரித்துக்கொண்டு போனார். பொலிவார் அண்ணை ஓரடி பின்னால் போனார். மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் கமராவைப் பார்த்தேன். அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? கை கூப்பினார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பின்னால் மாலையோடு பொலிவார், நடுவில் சிவப்பு போர்த்த வாத்தியார், பக்கத்தில் எல்லாப் பல்லும் தெரிய நான்.

படம் பத்திரிகையில் வந்தது. மாமாவுக்கு அது போதவில்லை. பெரிதாக அடித்துக் கீழே கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்.

அந்த நாட்களில் வெனிசுவேலாவில் ஆட்சியில் இருந்தவர்கள் பொலிவாரின் பெயரையும் சிவப்புச் சட்டையையும் தங்களுடையதாக்கி வைத்திருந்தார்கள் என்பது எங்களில் யாருக்குத் தெரியும்? அவர்களுக்கு எதிராக ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்துத்தான் வாத்தியாருக்கு வேலை போயிருக்கிறது. அதே பயத்தில் ஓடிவந்தவர்தான் ஒன்பதாம் மாடிக்காரரும். கடிதம் எடுக்கப் போனவர், தான் சாட்சி சொல்ல இருந்த மனிதன் சிவப்பு போர்த்திக்கொண்டு பொலிவாருக்குக் கீழே கும்பிட்டபடி நிற்பதைக் கண்டார். படத்துக்குக் கீழே இருந்த தமிழை அவர் வாசிக்கத் தேவையில்லை. ஆட்சிக்காரரின் பக்கத்து ஆள் என்று நினைத்தார். சாட்சிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். இதெல்லாம் கனகாலம் கழித்து, அந்தக் கட்டடத்து ஆங்கிலப் பேச்சில் என் காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துப் பொலிவார் அண்ணை வந்து கதவைத் தட்டினார். நான் திறந்தேன். உள்ளே மாமா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொலிவார் அண்ணை சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: மாமாவிடம் சொன்னாயா?

"யெஸ்" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலாக மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா சோற்றுக் கையை உயர்த்தி, "பொலிவார்! கம், கம், ஈற்!" என்றார். அவர் திரும்பிப் போய்விட்டார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம்."

மாதம் முடிய அவர்கள் வீடு மாறினார்கள். எங்கே போனார்கள், கேஸ் என்னவானது, ஒன்றும் தெரியாது. நோட்டீஸ் பலகைப் படத்தை யாரோ கிழித்திருந்தார்கள். "ஒரு மரியாதை செய்ததுக்கு மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு போறான்" என்று மாமா கனகாலம் கவலைப்பட்டார். இப்போது பிக்கரிங்கில், பிறகு ஊரிலிருந்து வந்து சேர்ந்த மகளின் வீட்டில் இருக்கிறார். பொலிவாரின் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் அந்தக் கவலையில்தான் போய் முடிப்பார்.

என்னுடைய கலியாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு கதை சொன்னார். கனடாவுக்கு வந்த புதிதில், தன்னுடைய அகதிக் கேஸ் முடியும் வரைக்கும், மாமா எந்தக் கமராவுக்கும் முகம் காட்டியதில்லையாம். கலியாண வீடுகளில் வீடியோக்காரரின் லைற் திரும்பினால் எழும்பிக் கழிவறைக்குப் போய்விடுவாராம். படம் யார் கையில் போய் ஊரில் இருந்தவர்களுக்கு என்ன வருமோ என்ற பயம்.

பொலிவார் அண்ணையின் அந்த ஒரு வசனத்தை விளக்கம் கேட்காமலே விளங்கிக்கொள்ள அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இருந்தது என்றால் அது மாமாதான். சொல்லியிருந்தால் கமராக்காரரைத் தானே வாசலில் மறித்திருப்பார். பொலிவார் அண்ணையோ மாமா எல்லாம் தெரிந்தே தனக்கு இதைச் செய்தார் என்று நினைத்துக்கொண்டு போனார். நான் சொன்ன ஒரு "யெஸ்" செய்த வேலை அது.

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. பேச்சு வாங்காமல் தப்பிவிட்டேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.