ஓரகத்தி எழுதிய மாலுமி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அந்த வீட்டுப் பெரிய மருமகளின் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியைத் திறந்துவிட்டால் அவள் வேறு ஆள். இணையத்தில் அவள் பெயர் ‘நங்கூரம்’.

கப்பல் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் ஓடி, கடைசியில் மாலுமியைக் கடலில் மூழ்கடித்துவிட்டு முடிந்துபோயிருந்தது. மனம் ஆறாத ரசிகர்கள் ஒரு தளத்தில் கூடி, அதே ஆட்களை வைத்துத் தாங்களே கதை எழுதத் தொடங்கினார்கள். சிலர் மாலுமியைப் பிழைக்க வைத்தார்கள். சிலர் கப்பலையே தூக்கிப் போட்டுவிட்டு எல்லாரையும் பள்ளிக்கூட வாத்தியார்களாக்கினார்கள். கப்பல் டாக்டரம்மாவுக்கு ஜோடி மாலுமியா, கேப்டனா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். மாலுமி கட்சிக்குப் பெரியவள்தான் தலைவி. அவள் ஓர் அத்தியாயம் போட்டால் போதும், பாராட்டு கொட்டும்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“என்னக்கா, போனப் பாத்து நீங்களா சிரிச்சிக்கிறீங்க?” என்று கேட்டவளுக்குத் தளத்தைக் காட்டியதே பெரியவள்தான். வீட்டுக்குள்ளேயே ஒரு வாசகி கிடைத்த பெருமை.

வாசித்துக்கொண்டிருந்த சின்னவள் ஒருநாள் எழுதவும் தொடங்கினாள். ‘பஞ்சுப்பொதி’ என்று பெயர் வைத்துக்கொண்டாள். முதல் கதையில் டாக்டரம்மா மாலுமியின் காயத்துக்குக் கட்டு மாற்றுகிறாள், அவ்வளவுதான். ஒட்டிப்போன துணியை நனைத்து நனைத்து எடுக்கிறாள். அவன் வலியைக் காட்டிக்கொள்ளாமல் சுவரிலிருக்கும் ஆணிகளையே பார்க்கிறான். முத்தமில்லை, கண்ணீரில்லை. தளமே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ‘பஞ்சு எழுதினா நெஞ்சு அடைக்குது’ என்று நங்கூரத்தின் கதைக்குக் கீழேயே வந்து ஒருத்தி எழுதிவிட்டுப் போனாள்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இடக்கண் லென்ஸை வலப்பக்கம் மாட்டிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டில் முகம் கொடுத்துத்தான் பேசினாள். ஆனால் சின்னவள் சமைத்த எதிலும் அவளுக்கு உப்பு கூடுதலாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தளத்தில் பரிசுக்கதை விழா வந்தது. சீட்டுக் குலுக்கி, யார் பேர் விழுகிறதோ அவருக்கு ஒரு கதை எழுதிப் பரிசாகக் கொடுக்க வேண்டும். யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பது கடைசிவரை ரகசியம். பெரியவளுக்கு வந்த கதையில் மூழ்கிப்போன மாலுமி ஏதோ ஒரு துறைமுகத்தில் பேர் மாற்றிக்கொண்டு வலை பின்னுகிறான். டாக்டரம்மா அந்த வழியாக வருகிறாள். அவன் விரல்களை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கிறாள், ஆனால் கூப்பிடவில்லை. வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.

கடையின் பின்னறையில் பெரியவள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். ‘இப்படி ஒன்று எனக்கு யாரும் எழுதியதில்லை’ என்று பக்கம் பக்கமாகப் பாராட்டி எழுதினாள். எழுதியது யாரென்று தளத்தின் இன்னொரு பக்கத்தில் எல்லாரும் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் போய், ‘யாரானாலும் சரி, பஞ்சுப்பொதி இல்லை. அவருக்கு இந்த நிதானம் வராது’ என்று போட்டாள். போட்டதும்தான் வயிறு கொஞ்சம் ஆறியது.

பெயர்களை வெளியிட்டார்கள். அந்தக் கதைக்கு மேலே பஞ்சுப்பொதி என்று இருந்தது.

ஊரே பார்க்க மூக்குடைபட்டாயிற்று. சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது சின்னவளும் பின்னாலேயே வந்தாள்.

“எனக்கு நிதானம் வராதாக்கா?”

பெரியவள் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“உங்களுக்கு என்மேல வயித்தெரிச்சல். அது எனக்கு எப்பவோ தெரியும்.”

“தெரிஞ்சுமா எனக்கு அப்படி ஒரு கதை எழுதின?”

“சீட்டு உங்க பேர்ல விழுந்துச்சு, என்ன பண்றது? ஆனா எனக்கும் உங்கமேல வயித்தெரிச்சல்தான். உங்க மாலுமி வாயத் தொறந்தா கேட்டுக்கிட்டே இருக்கலாம். என் மாலுமி பேசினா மருந்துச்சீட்டு படிக்கிற மாதிரி இருக்கு. அதனாலதான் அவன வாயே தொறக்க விடுறதில்ல.”

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. எத்தனையோ பாராட்டு பார்த்திருக்கிறாள், ஒருத்தி தன்மேல் பொறாமைப்பட்டேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. “அந்தப் பக்கம் பிடி” என்று போர்வையின் ஒரு முனையை நீட்டினாள். இரண்டு பேருமாக மடித்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. தளத்தில் மட்டும், ‘என் ஊகம் தப்பு, பாராட்டு தப்பில்லை’ என்று போட்டாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? இப்போதும் சின்னவளின் கதைக்குப் பாராட்டு கூடினால் சமையலறையில் பாத்திரம் சத்தம் போடும். “இன்னிக்கு எனக்குக் கூட்டம் ஜாஸ்திபோல இருக்கே!” என்று சின்னவள் ஹாலிலிருந்து குரல் கொடுப்பாள்.

போன வாரம் சின்னவள் கட்சியே மாறிவிட்டாள். டாக்டரம்மாவைக் கேப்டனுக்கு ஜோடி சேர்த்து ஒரு கதை போட்டிருக்கிறாள். படிக்கவே கூடாது என்றுதான் பெரியவள் இருந்தாள். படித்தாள். நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.